கைத்துப்பாக்கியில் சேஃப்டி லீவர் வேண்டுமா, வேண்டாமா? வாங்கும்முன் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் திணறி நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கம்பெனி ஒன்று, மாடல் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஒன்றில், துப்பாக்கி சுடாமல் பூட்டிவைக்க, கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி லீவர் இருக்கும், பக்கத்தில் இருப்பதில் இருக்காது. ஸ்மித் அண்ட் வெஸனின் எம் அண்ட் பி வரிசை இப்படி இரண்டு விதமாகவும் வருகிறது. ஒரு கடைக்காரர் "டிரிக்கர்மேல் விரல் வைக்காமல் இருப்பதுதான் சேஃப்டி, லீவர் எதற்கு?" என்பார். அடுத்த கடையில் "முதல் துப்பாக்கியா? லீவர் இல்லாமல் எடுக்கவே எடுக்காதீர்கள்" என்பார்கள். டெக்சஸ், நியூஜெர்சி பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்கள் பலர் இந்தக் குழப்பத்தோடு என்னிடம் கேட்டதால், விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேள்விக்குள் போகும்முன் ஒரு விஷயம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்கும்முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் அவரவர் மாநிலச் சட்டப்படி வாங்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவர் உண்டா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. முதல் குண்டு வெளியேற டிரிக்கரை எவ்வளவு தூரம், எவ்வளவு பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அது லேசாகவும் குட்டையாகவும் இருந்தால், புதிதாகப் பழகுகிறவருக்கு லீவர் வேண்டும். நீளமாகவும் கனமாகவும் இருந்தால், லீவர் இல்லாததால் பெரிய நஷ்டம் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

உறையில் திரும்ப வைக்கும் நேரம். தன் துப்பாக்கியால் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டவர்களின் கதைகளைக் கேட்டால், துப்பாக்கியைத் திரும்ப ஹோல்ஸ்டரில் வைக்கும்போது நடந்தது என்பது திரும்பத் திரும்ப வரும். சட்டை நுனி உறைக்குள் போய்விடும். குளிர்கால ஜாக்கெட்டின் இடுப்புக் கயிறு, நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழோடு சேர்ந்து, டிரிக்கர் வளையத்துக்குள் நுழைந்துவிடும். பழைய தோல் உறையாக இருந்தால் வாய் தளர்ந்துபோய், மேல் விளிம்பு உள்பக்கம் மடிந்து, ஒரு நாக்கு மாதிரி டிரிக்கருக்கு முன்னால் வந்து நிற்கும். நாம் துப்பாக்கியைக் கீழே அழுத்துகிறோம். துப்பாக்கி இறங்குகிறது, அந்த மடிப்பு இறங்காது. டிரிக்கர் பின்னால் போகிறது. இடுப்பின் முன்பக்கம் உறை வைப்பவர்களுக்கு அந்தக் கணத்தில் குழல் பார்த்துக்கொண்டிருப்பது தொடையின் பெரிய ரத்தக்குழாய் பக்கம். நான் முதல் அளவுகோலாக இதை வைப்பதற்குக் காரணம் எண்ணிக்கை. தற்காப்புக்காகத் துப்பாக்கியை உருவ வேண்டிய நாள் உங்கள் வாழ்க்கையில் வராமலே போகலாம். உறையில் வைப்பதோ நாள்தோறும் நடக்கும்.

அவசரத்தில் எடுக்கும் நேரம். பயத்தில் கை நடுங்கும்போது லீவரைத் தள்ள மறந்தால் டிரிக்கர் அசையாது. லீவரை எதிர்ப்பவர்களின் முக்கிய வாதம் இதுதான், இது நியாயமான வாதம்.

கீழே விழுந்தால். இங்கே பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். லீவர் வேறு, விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் உள்பாகம் வேறு. இன்றைய நல்ல பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் டிரிக்கரை முழுதாக இழுத்தால் மட்டும் விலகும் ஒரு தடை, ஃபயரிங் பின்னுக்கு, அதாவது குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசிக்கு, முன்னால் இருக்கிறது. லீவர் இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

பிறர் கை. யாராவது பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும், வீட்டுக் குழந்தை எடுத்தால் என்ன ஆகும் என்பது.

சுத்தம் செய்வதும் குண்டை இறக்குவதும். கடையில் யாரும் பேசாத அளவுகோல் இது. க்ளாக் பிஸ்டலைச் சுத்தம் செய்யக் கழற்ற வேண்டுமானால் முதலில் டிரிக்கரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் அறையில், ஒரு குண்டு தங்கியிருப்பதைப் பார்க்காமல் அழுத்தியவர்கள் உண்டு. எம் அண்ட் பி, சிக் பி320, பெரெட்டா 92 ஆகியவற்றில் டிரிக்கரைத் தொடாமலே கழற்றலாம்.

## லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி காட்டும் பாடம்

வகைகளுக்குப் போகும்முன் ஓர் உண்மை நிகழ்வு, ஏனென்றால் என் கருத்து உருவானதே இதிலிருந்துதான்.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் காவல்துறையான ஷெரிஃப் துறை பல ஆண்டுகளாகப் பெரெட்டா 92 வைத்திருந்தது. அதில் ஸ்லைடின்மேல் (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) சேஃப்டி லீவர் உண்டு, முதல் குண்டுக்கான டிரிக்கர் இழுப்பும் 12 பவுண்டு அளவுக்குக் கனம். 2010-களின் தொடக்கத்தில் துறை ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பிக்கு மாறத் தொடங்கியது. லீவர் இல்லை, டிரிக்கர் லேசு, குறி தவறாமல் சுடுவது எளிது. பயிற்சியில் சுடும் தேர்ச்சி கூடியது. ஆனால் தவறுதலாகக் குண்டு வெடித்த நிகழ்வுகள் 2012-இல் 12 ஆக இருந்தவை 2014-இல் 30 ஆயின. 2015-இல் இது பெரிய செய்தியானது, துறையைக் கண்காணிக்கும் அலுவலகமும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

அந்த நிகழ்வுகளில் ஒரு பகுதிக்குக் காரணம் துப்பாக்கியோடு பொருத்திய டார்ச் விளக்கு. விளக்கை எரியவிடக் கையை இறுக்கியவர்கள் டிரிக்கரையும் சேர்த்து இறுக்கிவிட்டார்கள். பழைய பெரெட்டாவின் கனமான டிரிக்கர் இப்படிப்பட்ட தப்பான அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. புதியது தாங்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, பழைய துப்பாக்கியிலிருந்து போனது லீவர் மட்டுமில்லை, கனமான டிரிக்கரும் சேர்ந்து போனது. இரண்டு பாதுகாப்பையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, பழைய பழக்கத்தில் ஊறிய கைகளில் புதிய துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

அப்படியானால் எல்லாத் துப்பாக்கிக்கும் டிரிக்கரைக் கனமாக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நியூயார்க் காவல்துறை அதைத்தான் செய்தது. லீவர் இல்லாத க்ளாக்கில் சாதாரண 5.5 பவுண்டு டிரிக்கருக்குப் பதிலாக 12 பவுண்டு டிரிக்கரைப் போட்டு நீண்ட காலம் வைத்திருந்தது. தப்பாக வெடிப்பதை அது குறைக்கலாம், ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் அந்தப் பாரத்தை இழுக்க வேண்டும், குழல் ஆடும். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் இரண்டு காவலர்கள் ஒரு கொலையாளியை நோக்கி 16 குண்டுகள் சுட்டபோது, வழியில் நின்ற 9 பேர் காவலர்களின் குண்டுகளாலும் சிதறல்களாலும் காயமடைந்தார்கள். அந்தக் கனமான டிரிக்கர்மீது விமரிசனம் எழுந்தது.

## ஒன்று: காக் செய்து, லீவரைப் போட்டு வைப்பது (1911 வகை)

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டல் இந்த வகைக்குத் தலைமகன். கட்டைவிரல் லீவர் பிரௌனிங்கின் முந்தைய வடிவத்தில் இல்லை. குதிரைப்படை கேட்டதால் சேர்த்தார்கள். ஒரு கையில் கடிவாளம், மறு கையில், ஊசியை அடிக்கும் சுத்தியலான ஹேமர் பின்னால் போய், காக் ஆகிச் சுடத் தயாராக நிற்கும் துப்பாக்கி. குதிரை மிரண்டால் அதை ஒரே கையால் பத்திரமாக உறையில் செருக வழி வேண்டும் என்பது அவர்கள் தேவை. நூறு வருடம் கழித்தும் லீவரின் உண்மையான வேலை இதுதான்.

இதன் டிரிக்கர் குட்டை, லேசு, குறிவைத்துச் சுட அருமை. அதனாலேயே லீவர் இங்கே கட்டாயம். லீவர் சட்டகத்தின்மேல், கட்டைவிரல் தானாக வந்து உட்காரும் இடத்தில் இருக்கிறது, கீழே அழுத்தினால் சுடத் தயார். பழகியவர்கள் கட்டைவிரலை லீவரின்மேலேயே வைத்துச் சுடுவதால், எடுக்கும்போது மறப்பது அபூர்வம்.

மறைந்திருக்கும் செலவு: பழைய பாணி 1911-இல் லீவர் போட்டிருக்கும்போது ஸ்லைடு அசையாது. ஆகவே சேம்பரில் குண்டை ஏற்றவும் இறக்கவும் லீவரை எடுத்தே ஆக வேண்டும், அந்த நேரத்தில் கையில் இருப்பது காக் செய்த லேசான டிரிக்கர். இடதுகைக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் லீவர் உள்ள மாடல் தேவைப்படும். அதோடு இந்த வகை ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகுவோருக்கான துப்பாக்கி, வருடத்துக்கு இரண்டு தடவை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## இரண்டு: லீவரே இல்லாத ஸ்ட்ரைக்கர் வகை (க்ளாக் வகை)

1982-இல் ஆஸ்திரிய ராணுவம் காஸ்டன் க்ளாக்கின் பிஸ்டலை ஏற்றுக்கொண்ட பிறகு உலகத்துக் காவல்துறைகள் இந்தப் பக்கம் சாய்ந்தன. இதில் ஹேமர் இல்லை, ஸ்ட்ரைக்கர் என்ற உள் ஊசியே வில்விசையில் பாய்ந்து குண்டை வெடிக்கவைக்கும். உள்ளே மூன்று பாதுகாப்புகள் இருக்கின்றன: டிரிக்கரின் நடுவில் ஒரு சின்னத் தகடு, ஃபயரிங் பின்னைத் தடுக்கும் பாகம், விழுந்தால் காக்கும் பாகம். டிரிக்கரை இழுத்தால் மூன்றும் வரிசையாக விலகும்.

எடு, குறிவை, சுடு என்பதோடு வேலை முடிந்தது. கற்றுக்கொடுக்க எளிது, அவசரத்தில் மறக்க எதுவும் இல்லை. ஆனால் டிரிக்கரின் நடுத்தகட்டைப் பாதுகாப்பு என்று நம்பி ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் உரசினால் அது தடுக்கும். நேராக அழுத்தும் எதற்கும், விரலாக இருந்தாலும் சட்டை நுனியாக இருந்தாலும், வழிவிட்டுவிடும். முன்னே சொன்ன உறை ஆபத்துக்கு இதில் தடை என்று எதுவும் இல்லை.

ஆகவே இதன் மறைந்த செலவு உறையில் இருக்கிறது. டிரிக்கர் வளையத்தை முழுதாக மூடும், வாய் மடங்காத, கெட்டியான கைடெக்ஸ் (ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) உறை வாங்க வேண்டும், அதற்குத் தனியாகச் செலவாகும். மலிவான துணி உறையில் இந்த வகைத் துப்பாக்கியை வைக்கவே கூடாது. வெறும் பையிலோ கைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ போடவே கூடாது. க்ளாக்கின் ஸ்லைடு பின்தகட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் ஒரு சாதனம் கிடைக்கிறது. டிரிக்கர் நகர்ந்தால் அந்தத் தகடும் கட்டைவிரலுக்கு அடியில் வெளியே தள்ளும். உறையில் வைக்கும்போது அதை அழுத்திப் பிடித்துக்கொண்டால் டிரிக்கர் நகராது. இந்த வகைதான் வேண்டும் என்றால் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

## மூன்று: லீவர் வைத்த ஸ்ட்ரைக்கர் வகை

அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் சிக் பி320-ஐ எம்17, எம்18 என்ற பெயர்களில் தேர்ந்தெடுத்தபோது கட்டைவிரல் லீவரைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பொதுமக்களுக்கும் காவல்துறைக்கும் விற்ற பி320-களில் பெரும்பாலானவற்றில் லீவர் இல்லை.

பி320-இன் கதை இந்த விவாதத்தை இன்னும் சூடாக்கியிருக்கிறது. குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கலாம் என்று 2017-இல் தெரியவந்ததும், நிறுவனம் அந்த ஆகஸ்டிலேயே உள்பாகங்களை மாற்றித் தரத் தொடங்கியது. அதன் பிறகும், டிரிக்கரைத் தொடாமலே வெடித்தது என்று காவலர்களும் பொதுமக்களும் தொடுத்த வழக்குகள் தொடர்ந்தன. டிரிக்கரை இழுக்காமல் வெடிக்காது என்பது நிறுவனத்தின் நிலை. 2024-இல் ஜார்ஜியாவிலும் பிலடெல்பியாவிலும் ஜூரிகள் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். லேசான டிரிக்கர் உள்ள துப்பாக்கியில் லீவரும் இல்லை, நடுத்தகடும் இல்லை என்பது அந்த வழக்குகளில் அடிபட்ட முக்கிய வாதம்.

எம் அண்ட் பியின் லீவர் மாடலில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. லீவர் போட்டிருக்கும்போதே ஸ்லைடை இழுக்கலாம், குண்டை ஏற்றலாம், இறக்கலாம். 1911-இல் சொன்ன சிக்கல் இதில் இல்லை.

குறை என்று பார்த்தால், சில சின்ன மாடல்களில் லீவரும் சின்னதாக, சட்டகத்தோடு ஒட்டியபடி இருக்கும். வியர்த்த கட்டைவிரலுக்கு அது தட்டுப்படாது. கடையிலேயே கையில் எடுத்துப் பாருங்கள். பிடியைத் தளர்த்தாமல் லீவரைத் தள்ள முடியவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். இன்னொன்று, லீவர் வேண்டாம் என்று பிறகு தோன்றினால் அதை "ஆஃப்" நிலையிலேயே விட்டுப் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒருநாள் உரசலில் அது தானாக "ஆன்" ஆகியிருக்கும், உங்களுக்குத் தெரியாது. லீவர் இருந்தால் ஒவ்வொரு தடவையும் தள்ளிப் பழக வேண்டும், இல்லையென்றால் லீவரே இல்லாததை வாங்க வேண்டும்.

## நான்கு: முதல் இழுப்பு கனம், லீவருக்குப் பதில் டீகாக்கர்

சிக் பி226, பெரெட்டா 92ஜி, ரிவால்வர்கள் எல்லாம் இந்தக் கட்சி. பி226-இல் முதல் குண்டுக்கு டிரிக்கர் நீளமாக, சுமார் 10 பவுண்டு. அதன் பிறகு ஹேமர் தானே பின்னால் போய்விடுவதால் மற்றவை நான்கரை பவுண்டுக்குள். சுட்டு முடித்ததும் டீகாக்கரை அழுத்தினால் ஹேமர் பத்திரமாக முன்னால் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகையின் ஒரு சின்ன விஷயம். உறையில் வைக்கும்போது கட்டைவிரலை ஹேமரின்மேல் வைத்துக்கொள்ளலாம். சட்டை நுனி டிரிக்கரை இழுக்க ஆரம்பித்தால் ஹேமர் பின்னால் எழும்பிக் கட்டைவிரலைத் தள்ளும். தெரிந்துவிடும், நிறுத்திவிடலாம். லீவர் செய்யும் வேலையை இங்கே உங்கள் தோலே செய்கிறது.

முதல் குண்டுக்கும் இரண்டாவதுக்கும் டிரிக்கர் வேறுவேறு என்பதால் இரண்டையும் பழக வேண்டும், தோட்டாச் செலவு கூடும். சுட்டபின் டீகாக் செய்ய மறந்து உறையில் செருகினால், இருப்பதிலேயே ஆபத்தான நிலை அதுதான்: லேசான டிரிக்கர், லீவரும் இல்லை.

பெரெட்டா 92எஃப்எஸ் போல ஸ்லைடின்மேல் லீவர் உள்ளவற்றில் இன்னொரு சிக்கல். ஸ்லைடைப் பிடித்து இழுக்கும் கையே லீவரைக் கீழே தட்டிவிடும், சுட நினைக்கும்போது டிரிக்கர் செத்துக் கிடக்கும். அதிலும் 1911-இன் லீவரைக் கீழே அழுத்தினால் சுடலாம், பெரெட்டாவின் லீவரை மேலே தள்ளினால்தான் சுடலாம். வீட்டில் இரண்டு துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். எதிரெதிர் திசையில் வேலை செய்யும் லீவர்கள் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

ரிவால்வரில் லீவரும் இல்லை, டீகாக்கரும் இல்லை, டிரிக்கரின் கனமே சேஃப்டி. ஆறு குண்டு போதும் என்பவர்களுக்கு அதைவிட எளிதானது கிடையாது.

## ஒரே பார்வையில்

| வகை | உறையில் வைக்கும்போது | அவசரத்தில் எடுக்கும்போது | பழகும் உழைப்பு |
|---|---|---|---|
| 1911 வகை | லீவர் போட்டிருந்தால் நல்ல பாதுகாப்பு | பழகியவருக்குச் சிக்கல் இல்லை | மிக அதிகம் |
| லீவர் இல்லாத ஸ்ட்ரைக்கர் | பாதுகாப்பு முழுக்க உறையும் விரலும்தான் | மிக எளிது | குறைவு, ஆனால் ஒழுக்கம் கட்டாயம் |
| லீவர் உள்ள ஸ்ட்ரைக்கர் | நல்ல பாதுகாப்பு | லீவரை மறக்கும் அபாயம் | நடுத்தரம் |
| டீகாக்கர், ரிவால்வர் | கனமான இழுப்பு, ஹேமர்மேல் கட்டைவிரல் | மறக்க எதுவும் இல்லை, முதல் குண்டு கடினம் | டீகாக்கருக்கு அதிகம், ரிவால்வருக்குக் குறைவு |

## குழந்தை உள்ள வீடு

லீவர் இருக்கிறதே, குழந்தை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பொம்மையில் இருக்கும் எல்லா லீவரையும் தள்ளிப் பார்ப்பதுதான் குழந்தையின் வேலை. சின்னக் குழந்தைகள் துப்பாக்கியைத் தங்கள் பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் டிரிக்கரை அழுத்துவார்கள். நம் ஆள்காட்டி விரலுக்குக் கனமாகத் தெரிவது அந்தப் பிடிக்கு இழுபடும். நான்கு வகைகளில் எதுவும் குழந்தைக்குப் பாதுகாப்பில்லை. சுவரிலோ தரையிலோ திருகிப் பொருத்திய, நொடியில் திறக்கும் பூட்டுப்பெட்டி ஒன்றுதான் வழி.

உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டோ பூட்டும் சாதனமோ தந்தாக வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. அது வந்த பெட்டியிலேயே கிடக்கும் வீடுகள் பல. டெக்சஸில், குண்டு ஏற்றிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால், விட்டவர் செய்தது குற்றம். ஆகவே குழந்தைக்காக லீவர் மாடல் வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள், முதலில் ஒரு பூட்டுப்பெட்டிக்குப் பணம் ஒதுக்குங்கள்.

பிடுங்கப்படும் ஆபத்து வேறு. மசாத் அயூப் போன்ற அனுபவமுள்ள பயிற்சியாளர்கள், பிடுங்கியவன் லீவரைத் தேடும் நொடிகளில் காவலர் உயிர்பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்று நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். இடுப்பில் வெளியே தெரியும்படி துப்பாக்கி வைக்கும் காவலர்கள், பாதுகாவலர்கள் விஷயத்தில் இது கனமான வாதம். சட்டைக்குள் மறைத்து வைப்பவருக்கு அவ்வளவு இல்லை.

## யாருக்கு எது

வீட்டுப் பெட்டியில் மட்டும் வைக்கப் போகிறீர்கள், வெளியே எடுத்துப் போக மாட்டீர்கள் என்றால், உறை ஆபத்து கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. லீவர் இல்லாத ஸ்ட்ரைக்கரோ ரிவால்வரோ போதும். பெட்டியைத் திறப்பதே ஒரு படி, அதன்மேல் இன்னொரு படி தேவையில்லை.

இடுப்பில் வைக்கப் போகிறீர்கள், மாதம் ஒருமுறையாவது பழகுவீர்கள் என்றால், லீவர் உள்ள ஸ்ட்ரைக்கரைச் சொல்வேன். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கட்டைவிரல் லீவரைத் தள்ளும் பழக்கம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். வந்தபின் நொடிகூட வீணாகாது.

இடுப்பில் வைக்க வேண்டும், பழக நேரம் இல்லை என்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன்: வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டும் என்றால் ரிவால்வர். லேசான டிரிக்கரும் லீவர் இல்லாமையும் சேர்ந்த துப்பாக்கி உங்களுக்கானதில்லை, கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும்.

வேலையில் பல வருடம் லீவர் இல்லாத க்ளாக் வைத்துக் கை பழகிய காவலர்கள் மாற வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது போல, ஊறிப்போன பழக்கத்தை மாற்றுவதே சில சமயம் பெரிய ஆபத்து.

இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் எல்லையே வேறு. 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட விட்டம் என்பதால், பலரிடமும் இருப்பது .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல். ரிவால்வர் என்றால் லீவர் பற்றிய பேச்சே எழாது. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும், ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டல், பிரௌனிங் ஹை-பவரின் வழியில் வந்தது. காக் செய்தால் லேசான டிரிக்கர், ஆகவே லீவர்.

வாங்கும்முன் ரேஞ்சில் இரண்டு மாடலையும் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் போதும். லீவர் உள்ளதில் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் லீவரைப் போட்டு, பிடியை மாற்றாமல் தள்ளிச் சுடுங்கள். தோட்டாப் பெட்டி தீரும்போது கட்டைவிரல் லீவரைத் தேடிப்போகிறதா, தானாகப் போகிறதா என்று பாருங்கள். அப்புறம் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, குண்டு இல்லாத துப்பாக்கியை வைத்து நீங்கள் உண்மையில் போடும் சட்டையோடும் ஜாக்கெட்டோடும் மெதுவாக உறையில் வைத்துப் பாருங்கள். துணி எங்கே சிக்குகிறது என்று அங்கேயே தெரியும்.